அமீனாவுக்கு யார் ஜாமீன்?

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, அனந்தபுரத்துக்கு அருகில் இருக்கிறது பனமலை. ஓர் ஏரி, பக்கத்தில் ஒரு குன்று, குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில். அங்கே சுவரில் எஞ்சி நிற்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்கக் கலை ஆர்வலர்கள் வருவார்கள். அதே ஊருக்கு வேறொருவரும் தலைமுறை தலைமுறையாக வந்து போயிருக்கிறார். அவரை யாரும் விரும்பி வரவேற்றதில்லை. பித்தளைப் பில்லை, தோளில் ஒரு பை, பைக்குள் கோர்ட்டு முத்திரை வைத்த தாள்கள். "அமீனா வர்றான்" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் மூன்றாம் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

சரியாகச் சொன்னால் சமன் கொண்டுவருகிறவர் வேறு, ஜப்திக்கு வருகிற அமீனா வேறு. முதலாமவரைக் கோர்ட்டுச் சேவகர் என்பார்கள். இன்றைய அரசுத் தமிழில் இருவருமே கட்டளை நிறைவேற்றும் பணியாளர்கள். ஊர் இருவரையும் ஒரே பெயரால் அழைத்தது. ஊருக்கு இருவரிடமும் இருந்த பயம் ஒன்றுதான்.

அந்த ஆளை நம்பி ஒரு நீதிமன்றம் எவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நீதிபதி கடலூரிலோ திண்டிவனத்திலோ உட்கார்ந்திருக்கிறார். பனமலையில் நிலம் வைத்திருப்பவர் மீது ஒரு கடன் வழக்கு. அவருக்கு வழக்கு இருப்பதே தெரிய வேண்டுமானால் இந்தச் சேவகர் வந்து தாளைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன் என்று அவர் எழுதித் தருவதை வைத்துத்தான் வழக்கே நடக்கும். பிறகு தீர்ப்பாகி டிகிரி ஆனால், நிலத்தையோ மாட்டையோ ஜப்தி செய்து, ஏலம் போட்டு, பணத்தை வாங்கிக் கோர்ட்டில் கட்டப்போவதும் அவருடைய வகையறாதான். சொல்லும் அவர் கையில், காசும் அவர் கையில். அப்படிப்பட்டவரை எதை வைத்து நம்புவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை வைத்திருந்தது.

பனமலைக்குப் பக்கத்திலேயே எசாலம் என்றோர் ஊர். 1987-ல் அங்குள்ள கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மன்னனின் 25-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. ராஜேந்திரன் காலத்துக் கல்லூரியால் பெயர் பெற்ற எண்ணாயிரமும் இதே வட்டாரம்தான். அரசன் வாய்மொழியாகச் சொன்னது எப்படி ஓர் ஊரின் எல்லைக்கல் வரை வந்து சேர்ந்தது என்பதைச் சோழர் செப்பேடுகள் படிப்படியாகச் சொல்லும். ஆணை ஓலையில் ஏறும், அதிகாரிகள் பலர் ஒப்பமிடுவார்கள், திருமுகம் நாட்டாருக்குப் போகும். நாட்டார் எதிர்கொண்டு சென்று அதை வாங்கித் தலைமேல் வைப்பார்கள். பிறகு பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு, செய்து முடித்ததை எழுதிக் கொடுப்பார்கள். இவ்வளவும் ஊரே கூடிப் பார்க்க நடந்தது. ஆணை வந்து சேரவில்லை என்று பின்னால் ஒருவர் சொல்ல முடியாது. கொண்டுவந்தவரும் பொய் சொல்ல முடியாது. சாட்சிகளின் எண்ணிக்கையே அங்கே காவல்.

பொருளை ஒப்படைக்கும்போது மட்டும் சோழர் காலம் வேறு வழி தேடியது. தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கெரிக்க ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டை வாங்கிக்கொண்டு ஆள் போய்விட்டால்? அதனால் அவருக்கு உறவினர்கள் புணை நின்றார்கள். அந்தப் பெயர்கள் கல்லிலேயே வெட்டப்பட்டன. அதே கோயிலுக்குப் பண்டாரம் காக்க ஆள் அனுப்பும்படி பிரமதேயச் சபைகளுக்கு ராஜராஜன் கட்டளையிட்டபோது, நிலமோ உறவோ முதலோ உடையவர்களாகப் பார்த்து அனுப்பச் சொன்னான். நாணயமானவனாகப் பார்த்து அனுப்பு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. காசு காணாமல் போனால் எதைப் பிடித்து வசூலிப்பது என்று முன்கூட்டியே யோசித்த நிர்வாகம் அது.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் செஞ்சி பல கை மாறியது. நாயக்கர், பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-ல் முகலாயர். தேசிங்கு ராஜா கதையே பாக்கி கேட்டு வந்த வழக்குதான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டதைத் தர மறுத்த அந்த இளைஞன் 1714-ல் போர்க்களத்தில் மாண்டான். கோட்டைக்காரனிடம் பாக்கி கேட்கப் படை வந்தது. கொல்லைக்காரனிடம் பாக்கி கேட்கச் சேவகன் வந்தான்.

அந்தச் சேவகனின் கதை வெளியே சொல்லும்படியானதல்ல. வரி பாக்கி வைத்தவர் வீட்டு வாசலுக்கு அவனை அனுப்புவார்கள். அவனுக்குரிய பேட்டாவையும் பாக்கிக்காரர் தலையிலேயே கட்டுவார்கள். கும்பெனி ஆட்சியிலும் இது மாறவில்லை. 1855-ல் சென்னை மாகாணத்தில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் குழு சித்திரவதைப் புகார்களை விசாரித்து அறிக்கை தந்தது. தலையைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள், விரல்களை நெரிக்கும் கிட்டி என்னும் பெயர்கள் அந்த அறிக்கையால் லண்டன் வரை போயின. வரி வசூலில் சித்திரவதை நடந்தது உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது. மேலே ஒப்பமிட்ட துரைக்குத் தெரியாமல், கீழே பில்லை போட்டவன் செய்தான் என்பதே அன்றைய அதிகாரிகளின் சமாதானம். இந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. பில்லையை மாட்டி அனுப்பியது மேலே இருந்த கைதான்.

அந்த அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1850-ல், இரண்டு சட்டங்கள் வந்தன. இரண்டும் சிறியவை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அமீனாவின் நிலை விளங்கும்.

ஒன்று, 1850-ஆம் ஆண்டின் 12-ஆம் சட்டம். அரசுப் பணத்தைக் கையாளும் கணக்குப் பொறுப்பாளர்களால் நேரும் இழப்பைத் தடுப்பதற்கானது. பொறுப்பை ஒழுங்காகச் செய்வதற்கும், வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கும் அவர்கள் பிணை தர வேண்டும். பணம் குறைந்தால் அலுவலகத் தலைவர் அந்த ஆளின் மீதும் அவருடைய பிணையாளிகள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். எப்படி? நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போலவே. வழக்குப் போட்டு வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டவருக்கு இதன் பொருள் என்ன என்று யோசிக்க வேண்டும். உத்தியோகம் கிடைத்த பையனுக்காக மாமனோ சித்தப்பனோ பட்டாவைக் கொண்டுபோய்ப் பிணை எழுதிக் கொடுக்கிறார். பையன் எங்கோ ஓர் ஏலத்தில் வாங்கிய தொகையைக் கட்டாமல் விட்டால், இங்கே சித்தப்பன் நிலம் கிஸ்தி பாக்கி போலவே ஏலத்துக்கு வரும். பழைய ஆவணங்களில் இரண்டு வகை ஜாமீன் பேசப்படும். ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்பது ஹாஜர் ஜாமீன். பணத்துக்கு நான் பொறுப்பு என்பது மால் ஜாமீன். அரசுக்கு வேண்டியிருந்தது பின்னதுதான்.

இரண்டாவது, அதே ஆண்டின் 18-ஆம் சட்டம். நீதித்துறை அலுவலர்களைக் காப்பது. நீதிபதியின் சட்டப்படியான வாரண்டை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் மீது, அதை நிறைவேற்றியதற்காக யாரும் சிவில் வழக்குப் போட முடியாது. கட்டளையில் பிழை இருந்தாலும் அந்தப் பழி கொண்டுபோனவர் தலையில் விடியாது. இந்தப் பாதுகாப்பு நியாயமானது. மாதச் சம்பளக்காரர் ஒவ்வொரு ஜப்திக்கும் தன் மீது வழக்கு வரும் என்று அஞ்சினால், பணக்காரக் கடனாளி வீட்டு வாசலை மிதிக்க எந்தச் சேவகரும் துணியமாட்டார்.

ஆக, 1850-லேயே கோடு கிழித்தாகிவிட்டது. கட்டளையைச் செய்ததற்குப் பாதுகாப்பு, காசைத் தொட்டதற்குப் பிணை. கொடுக்காத சமனைக் கொடுத்ததாக எழுதினால் அந்தப் பொய்க்கு என்ன ஈடு என்பதை இரண்டு சட்டங்களும் தொடவில்லை.

1859-ல் வந்த முதல் சிவில் நடைமுறைச் சட்டம் சமனை நாசரிடம் ஒப்படைக்கச் சொன்னது. அவரே சார்பு செய்யலாம், அல்லது தமக்குக் கீழே உள்ளவரை அனுப்பலாம். நாசர்தான் கோர்ட்டின் சேவகர்களுக்கெல்லாம் மேஸ்திரி. 1870-ல் வந்த கோர்ட்டுக் கட்டணச் சட்டம் இந்தப் பேட்டா விஷயத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. எத்தனை சேவகர், என்ன ஊதியம், எந்தக் கட்டளைக்கு எவ்வளவு கட்டணம் என்பதற்கெல்லாம் விதி வகுக்கும்படி அது சொன்னது. அந்தக் கட்டண அட்டவணையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுதி, கோர்ட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும் என்றது அதன் 21-ஆம் பிரிவு. தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் ஆளிடம் வாசலிலேயே எவ்வளவு பிடுங்கியிருப்பார்கள் என்பதற்கு அந்த ஒரு விதியே போதுமான சாட்சி.

அமீனாவின் கையில் காசு எப்படி வரும்? 1908-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினால் வழி நெடுகக் காசுதான். கைது வாரண்டோடு போகிறார். கடனாளி டிகிரித் தொகையையும் செலவையும் அந்த இடத்திலேயே நீட்டினால், வாங்கிக்கொண்டு ஆளை உடனே விட்டுவிட வேண்டும். பண்டபாத்திரங்களை ஏலம் போட்டால், எடுத்தவர் அங்கேயே பணம் கொடுப்பார். இவர் ரசீது எழுதித் தருவார். நிலம் ஏலம் போனால் எடுத்தவர் நூற்றுக்கு 25-ஐ ஏலம் நடத்துபவரிடம் அப்போதே கட்ட வேண்டும், மீதியை 15 நாளில். நிலம் 4,000 ரூபாய்க்குப் போனது என்றால் 1,000 ரூபாய் அந்த வெயிலில், அந்த நிமிடம், அவர் பையில் இருக்கும். அவருடைய மாதச் சம்பளத்தை அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசு ஏன் பிணை கேட்டது என்று விளங்கிவிடும்.

சட்டம் அவர் கையைக் கட்டவும் செய்தது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தச்சனின் உளி, உழவனின் ஏர், உழவு மாடு இவற்றைத் தொடக் கூடாது. சமய வழக்கப்படி ஒரு பெண் பிரிய முடியாத அணிகலனைத் தொடக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர் தாலியையும் கலப்பையையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரியாதவரிடம் அந்த அறியாமையையும் விலை பேச முடிந்தது.

ஜப்தி செய்த ஆடு மாடுகளைப் பனமலையிலிருந்து கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது நடவாத காரியம். தீனிக்கு யார் பணம் கொடுப்பது? அதனால் ஊரிலேயே பொறுப்பான ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டு வருவார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை 21-ஆம் ஆணையின் 43-ஏ விதியாகவே சேர்த்தது. கடனாளியோ டிகிரிதாரரோ உரிமை கோரும் வேறொருவரோ கேட்டால், கால்நடையையும் உழவுக் கருவியையும் ஊரிலேயே மதிப்பான ஒருவரிடம் காவலில் விடலாம். அறிவிப்புக் கொடுத்த பிறகும் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் காவல் ஏற்றவர் ஈடு கட்ட வேண்டும். அமீனாவுக்காக அவர் உறவினர் ஜாமீன், அமீனா பிடித்த மாட்டுக்கு ஊர்க்காரர் ஜாமீன். பிணை இப்படிச் சங்கிலியாக ஓடியது.

உறவினரிடம் கையெழுத்து வாங்கும் முறையை மெல்லப் பணப் பிணைக்கும் காப்பீட்டுக்கும் மாற்றியது இருபதாம் நூற்றாண்டு. ஊழியரின் நேர்மைக்குக் கம்பெனியே உத்தரவாதம் தரும் வியாபாரம் லண்டனில் 1840-ல் கியாரண்டி சொசைட்டியோடு தொடங்கிவிட்டது. ரொக்கமோ சரக்கோ கையாளும் அரசு ஊழியர் பிணை கொடுத்தாக வேண்டும் என்ற விதி இன்றும் நிதிச் சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை அரசின் பெயருக்கு அடமானம் எழுதலாம், காப்பீட்டு நிறுவனத்தின் ஃபிடெலிட்டி பாண்டு வாங்கித் தரலாம். சித்தப்பன் நிலம் தப்பித்தது. இது மெய்யான முன்னேற்றம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நிலமுள்ள உறவு இல்லை என்பதற்காக ஓர் உத்தியோகம் தட்டிப்போகும் நிலை இதனால் தளர்ந்தது.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதே வழக்கம் இருந்தது. ஷெரிஃப் தம் கீழுள்ள அமீனாக்களிடம் ஜாமீன்தாரர்களோடு பாண்டு எழுதி வாங்கிக்கொள்வார், அவர்கள் தவறுக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்ததால். 1816-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு நாட்டு அமீனாக்களான உய்சியேக்கள் பதவிக்குப் பிணைத்தொகை கட்டினார்கள். சென்னைப் பட்டணத்திலும் ஷெரிஃப் இருந்தார். 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தோடு வந்த பதவி, கடைசியில் வெறும் அலங்காரமாகி 1998-ல் எடுபட்டது.

காசுக்கான காவலைப் பற்றி இத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள். சொல்லுக்கு?

பனமலை விவசாயியின் பெரிய இழப்பு பெரும்பாலும் அமீனா கையாடிய ரூபாயால் வந்ததல்ல, வராத சமனால் வந்தது. சேவகர் செஞ்சியிலேயே டீக்கடையில் உட்கார்ந்து, "வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. எதிராளி வரவில்லை என்று கோர்ட்டு எக்ஸ்பார்ட்டி டிகிரி கொடுக்கும். அடுத்து அவருக்குத் தெரிய வருவது ஏலத் தமுக்குச் சத்தத்தில்தான். நேர்மையாக மைல் கணக்கில் நடந்த சேவகர்களே அதிகம் இருந்திருப்பார்கள். ஒருவர் ஏமாற்றினாலும் ஒரு குடும்பத்தின் நிலம் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

சட்டம் இதற்கு வைத்த காவல் எல்லாம் தாளில்தான். எந்த நேரத்தில், எப்படிக் கொடுத்தார், வீட்டை அடையாளம் காட்டியவர் பெயர், ஊர், சாட்சி யார் என்று பின்பக்கம் எழுத வேண்டும். ஐயம் வந்தால் கோர்ட்டு சேவகரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம். அடையாளம் காட்டியவர் அநேகமாகக் கிராம முன்சீப்போ தலையாரியோ. பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் 1980-ல் ஒழிந்தபோது ஊரின் அந்த நிரந்தரச் சாட்சியும் போனார். அவர் எப்போதும் நடுநிலையில் நின்றார் என்று சொல்ல முடியாது. கடன் கொடுத்த மிராசுதாரரும் முன்சீப்பும் ஒரே வீட்டில் இருந்த ஊர்கள் உண்டு.

இன்னொரு பழைய விதியும் சேதம் செய்தது. ஆள் இல்லாதபோது வீட்டிலுள்ள வயதுவந்த ஆணிடம் மட்டுமே சமனைத் தரலாம். நடவு நாளில் ஆண்கள் வயலில் இருக்க, வாசலில் நிற்கும் மனைவியிடம் கொடுத்தால் செல்லாது. 1976 திருத்தம்தான் ஆணோ பெண்ணோ குடும்பத்தில் வயதுவந்த யாரிடமும் தரலாம் என்று மாற்றியது. பல டிகிரிகள் கைமாறிய பிறகு வந்த மாற்றம்.

அமெரிக்கா இதே பொய்யை வேறு விதமாக எதிர்கொண்டது. அங்கே பல மாநிலங்களில் சமன் கொடுப்பது தனியார் தொழில். கலிபோர்னியாவில் ஆண்டுக்குப் பத்துக்கு மேல் சமன் கொடுப்பவர் கவுண்டியில் பதிவு செய்து 2,000 டாலர் பாண்டோ ரொக்கமோ வைக்க வேண்டும். நியூயார்க்கில் கடன் வசூல் வழக்குகளில் சமனைக் கொடுக்காமலே கொடுத்ததாக எழுதியது அம்பலமாகி, சுமார் 1,00,000 தீர்ப்புகளை ரத்து செய்யக் கோரி 2009-ல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். அடுத்த ஆண்டே நகர மன்றம் சட்டத்தை இறுக்கியது. தனியாளுக்கு 10,000 டாலர் பாண்டு, நிறுவனத்துக்கு 1,00,000 டாலர், ஒவ்வொரு சமனுக்கும் ஜி.பி.எஸ். பதிவு. அந்தப் பாண்டில் கைவைப்பது திருடிய காசுக்காக அல்ல, சொன்ன பொய்யால் ஒருவருக்கு நேர்ந்த நட்டத்துக்காக. நம் பிணைப் பத்திரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இங்கே தனியார் கூரியர் வழியே சமன் அனுப்பும் முறை, சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களால் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல் வந்த தீர்ப்பு கூரியர் முறையை ஏற்றது, பொய் அறிக்கைக்கு எதிராக உயர் நீதிமன்றங்கள் விதிகள் செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. கூரியரிடம் பாண்டு கேட்கலாமே என்ற பேச்சு அப்போதே வலுவாக எழுந்திருக்க வேண்டும். எழாமல் போனது வருந்தத்தக்கது. இப்போது நீதிமன்றப் பணியாளர் கையில் என்ஸ்டெப் செயலி. கதவருகே நின்று படம் எடுத்தால் இடமும் நேரமும் தானாகப் பதிவாகும். டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவது இனி எளிதல்ல.

அந்தச் செயலி வராத காலத்தில் டிகிரி வாங்கப்பட்டு, இன்று ஏல நோட்டீசு கண்டு திடுக்கிடுபவருக்கு மிஞ்சியிருப்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் ஆணையின் 13-ஆம் விதி. சமன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்று காட்டினால் எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யலாம். கெடு 30 நாள். சமனே வராதிருந்தால் அந்த நாள் டிகிரி தேதியிலிருந்து ஓடாது, அவருக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடும். பனமலைக்காரர் ஒருவர் செஞ்சியில் வக்கீல் அலுவலகப் படியேறும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, எப்போது தெரியும் என்பதுதான். இரண்டாவது, சமனின் பின்பக்கத்தில் அடையாளம் காட்டியவராக யார் பெயர் எழுதியிருக்கிறது, அவர் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்பது.